குடியானவர் கைக்கு வந்த இருப்புப்பாதை

நிலத்தில் விளைவது வேறு. விளைந்தது விலையாவது வேறு. களத்தில் குவிந்து கிடக்கும் தானியம் சந்தைக்குப் போய்ச் சேரும் வழி அடைபட்டுவிட்டால், அது எவ்வளவு உயர்ந்த தானியமாயினும் குடியானவனுக்குப் பாரமே யொழியப் பொருளாகாது. ஆகையால் விவசாய அபிவிருத்தியைக் கருதுவோர் விதை, எரு, நீர் என்னும் மூன்றோடு வழி என்னும் நான்காவதையும் சேர்த்துக் கருதவேண்டும். அவ்வழி அடைபடும் தறுவாயில் அதைத் தாங்களே விலைக்கு வாங்கி நடத்தத் துணிந்த குடியானவர்கள் கனடா தேசத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய அநுபவத்தில், ஐக்கிய முறையில் நம்பிக்கையுள்ளவர்கள் அறியத்தக்க நன்மையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

பாதை பிறந்த விதம்

கனடாவின் மேற்குப் பாகத்தில் சஸ்காச்சுவான் என்னும் மாகாணம் இருக்கிறது. அதன் தென்பகுதி கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. கோதுமை, கடுகினத்தைச் சேர்ந்த எண்ணெய் வித்து, பட்டாணி, மைசூர்ப் பருப்பு ஆகியவை அங்கே ஏராளமாக விளைகின்றன. இந்தியாவில் இறக்குமதியாகும் மைசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு இம்மாகாணத்திலிருந்து வந்திருக்கிறது. ஆதலின் அத்தொலைதூரத்து இருப்புப்பாதைகளுக்கும் நம் நாட்டு அடுக்களைகளுக்கும் சம்பந்தமே இல்லையென்று சொல்லிவிட முடியாது.

இம்மாகாணத்திற்குக் கடற்கரை கிடையாது. தானியம் மேற்கே வான்கூவர் துறைமுகத்தை அடைய வேண்டுமானால் ஏறக்குறைய ஆயிரம் மைல் செல்லவேண்டும். இடையே பெரும் மலைத்தொடர்கள். இவ்வளவு தூரம் இவ்வளவு பாரத்தைக் குறைந்த செலவில் இழுத்துச் செல்ல ரயிலைத் தவிர வேறு சாதனம் இல்லை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கனேடியன் பசிபிக் கம்பெனியும், பின்னர் கனேடியன் நாஷனல் என்று ஒன்றுசேர்ந்த வேறு கம்பெனிகளும் பிரதான பாதையிலிருந்து கிளைப்பாதைகளை வலைபோலப் பரப்பின. அக்காலத்தில் குடியானவன் குதிரை வண்டியில் தானியத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, அன்றே வீடு திரும்ப வேண்டும். ஆகவே பத்து மைலுக்கு மேற்படாத இடைவெளியில் ஸ்டேஷன்களும், ஸ்டேஷன்தோறும் எலிவேட்டர் என்னும் உயர்ந்த மரக் களஞ்சியங்களும் எழுந்தன. 1930-களில் கனடாவின் மேற்கு மாகாணங்களில் இத்தகைய களஞ்சியங்கள் 5,700-க்கு மேல் இருந்தன. களஞ்சியம் இருந்த இடத்தில் கடை வந்தது. கடை வந்த இடத்தில் பள்ளிக்கூடம் வந்தது. ஊர் என்று ஒன்று உண்டாயிற்று.

1897-ம் வருஷத்தில் கனேடியன் பசிபிக் கம்பெனிக்கும் சர்க்காருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. க்ரோஸ் நெஸ்ட் கணவாய் வழியாகப் பாதை போடுவதற்குச் சர்க்கார் உதவித்தொகை கொடுத்தது. அதற்குப் பிரதியாகக் கம்பெனி தானியத்தின் ரயில் சத்தத்தைக் குறைக்க இசைந்தது. இந்தக் குறைந்த சத்தம் பின்னர் சட்டத்தால் நிலைபெற்று, சிற்சில மாறுதல்களோடு 1983 வரையில் நீடித்தது. குடியானவனுக்கு இது பெரும் பாதுகாப்பாயிருந்தது. ஆனால் காலஞ்செல்லச் செல்ல, அச்சத்தத்தில் தானியத்தை இழுப்பது நஷ்டம் என்று கம்பெனிகள் முறையிட்டன. கிளைப்பாதைகளில் புதிய தண்டவாளம் போடுவதும், பழுதான சிலிப்பர் கட்டைகளை மாற்றுவதும் குறைந்துபோயின.

பெரிய கம்பெனி விலகும் காரணம்

1983-ல் பழைய சத்தத்திற்குப் பதிலாக வேறொரு சட்டம் வந்தது. அதன்படி செலவில் ஒரு பகுதியைச் சர்க்கார் நேரே ரயில்வேக்களுக்குக் கொடுத்துவந்தது. 1995 ஆகஸ்டு முதல் அவ்வுதவியும் நின்றது. நிலமுடையோருக்கு ஒரே தவணையாக 160 கோடி டாலர் நஷ்டஈடு வழங்கப்பட்டது. அதற்குமேல் முழுச் சத்தமும் குடியானவன் தலையில் விழுந்தது. அதே வருஷத்தில், அதுவரை சர்க்கார் சொத்தாயிருந்த கனேடியன் நாஷனல் ரயில்வே, பங்குகளாகப் பொதுஜனங்களுக்கு விற்கப்பட்டது. மறு வருஷம், 1996-ல், லாபமற்ற கிளைகளை ரயில்வேக்கள் முன்னைவிட எளிதாகக் கைவிட இடந்தரும் போக்குவரத்துச் சட்டம் அமுலுக்கு வந்தது.

இதே காலத்தில் தானிய வியாபாரமும் உருமாறிற்று. ஊருக்கு ஊர் மரக் களஞ்சியம் வைத்திருந்த ஸ்தாபனங்கள் அவற்றை இடித்துவிட்டு, பிரதான பாதையோரத்தில் பெரிய சிமெண்ட் கிடங்குகளைக் கட்டின. அங்கே ஒரே சமயத்தில் ஐம்பது, நூறு வண்டிகளை நிரப்பலாம். அப்படி மொத்தமாக ஏற்றுபவர்களுக்கு ரயில்வேக்கள் சத்தத்தில் தள்ளுபடி கொடுத்தன. கிளைப்பாதையில் ஐந்து வண்டி ஓரிடத்திலும் எட்டு வண்டி வேறிடத்திலுமாகப் பொறுக்கி வருவதைக் காட்டிலும், ஓரிடத்தில் நூறு வண்டியைக் கோத்து நேரே துறைமுகத்திற்கு இழுப்பது பெரிய கம்பெனிக்கு ஆதாயம். இதில் பகையும் இல்லை, வஞ்சமும் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஊர்கள் சேரவில்லை.

ஒரு கிளைப்பாதை மூடப்பட்டால் நேர்வதென்ன? தானியத்தை லாரியில் ஏற்றி ஐம்பது மைலோ அறுபது மைலோ ஓட்டவேண்டும். ஒரு ரயில் வண்டி ஏறக்குறைய 90 டன் தானியம் கொள்ளும். அது மிகப் பெரிய லாரிகளில் இரண்டு லாரிச் சுமைக்குச் சமானம். உதாரணமாக, ஒரு கிளைப்பாதையின் வழியே வருஷத்தில் ஆயிரம் வண்டிகள் சென்றன என்று வைத்துக்கொண்டால், அது நின்ற பிறகு இரண்டாயிரம் பெருஞ்சுமைகள் கிராமச் சாலைகளில் ஏறும். அச்சாலைகள் இத்தகைய பாரத்திற்காகப் போடப்பட்டவை அல்ல. அவற்றைச் செப்பனிடும் செலவு கிராம முனிசிபாலிடியைச் சேர்ந்தது. முனிசிபாலிடியின் பணம் அதே குடியானவன் கொடுக்கும் வரி. எனவே லாரி வாடகையாக ஒருமுறையும் சாலை வரியாக மறுமுறையும் ஆக இருமுறை அவனே கொடுக்கிறான்.

சட்டம் காட்டிய வாயில்

1996-ம் வருஷத்துச் சட்டம் கைவிடுவதை எளிதாக்கிய போதிலும், ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. கம்பெனி தான் விடப்போகும் பாதைகளை மூன்று வருஷத் திட்டத்தில் முன்னதாகவே பிரசுரிக்கவேண்டும். பிறகு, தொடர்ந்து நடத்த விரும்புவோர் வாங்கலாமென்று விளம்பரம் செய்யவேண்டும். யாரும் முன்வராவிட்டால், சர்க்கார்களுக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் பெயர்ப்பு மதிப்பிற்கு மேற்படாத விலையில் கொடுக்க முன்வரவேண்டும். பெயர்ப்பு மதிப்பு என்பது யாதெனில், தண்டவாளத்தையும் கட்டையையும் நிலத்தையும் விற்றால் கிடைக்கும் தொகையில் அவற்றைப் பெயர்த்தெடுக்கும் செலவைக் கழித்து மீதியாவது. ஓடும் ரயிலின் விலையன்று அது. பழைய இரும்பின் விலை.

சாமானியக் குடியானவர்கள் சேர்ந்து எண்ணிப் பார்க்கக்கூடிய விலை அது. ஆனாலும் அது சிறு தொகையன்று. தவணைகளுக்குள் ஊரார் கூடி, பங்கு பிரித்து, கடன் ஏற்பாடு செய்து, கம்பெனியோடு பேரம் முடிக்கவேண்டும். தவறினால் தண்டவாளம் பெயர்க்கப்படும். ஒருமுறை பெயர்த்த பாதையை மீண்டும் போடுவதென்பது நடவாத காரியம்.

ஐக்கிய சங்கமும் சிறு ரயில்வேயும்

இச்சட்டத்திற்கு முன்பே இம்மாகாணத்துக் குடியானவர்கள் வழிகாட்டியிருந்தார்கள். 1989-ல் ஸதர்ன் ரெய்ல்ஸ் கோவாபரேட்டிவ் என்னும் ஐக்கிய சங்கம், கைவிடப்படவிருந்த இரண்டு கிளைப்பாதைகளை ஏற்றுக்கொண்டது. குடியானவர் நடத்திய சிறு ரயில்வேக்களில் அம்மாகாணத்தில் முதலாவது அதுவே.

1999-ல் ரெட் கோட் ரோடு அண்ட் ரெயில் என்னும் சிறு ரயில்வே தோன்றிற்று. 2000-ம் வருஷத்தில் தென்மேற்கு மூலையில், ஷானவன் என்னும் ஊரைச் சுற்றியுள்ள முந்நூறு மைலுக்கு மேற்பட்ட கிளைப்பாதைகளைக் கனேடியன் பசிபிக் கம்பெனி விற்றுவிட்டது. அவற்றை வாங்கியது வெளி மாகாணத்துத் தனியார் கம்பெனி. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற பெயரில் அவை நடந்தன. ஆனால் பாதையின் உடைமை தூரத்தில் இருக்கும்வரை அதன் எதிர்காலமும் தூரத்திலேயே தீர்மானிக்கப்படும் என்பதை உள்ளூரார் உணர்ந்தனர். 2004-ல் அவ்வட்டாரத்துக் குடியானவர்களும் பிறரும் முதல் திரட்டி அந்த ரயில்வேயை வாங்கினார்கள். சிறு ரயில்வே ஒன்று ஒரு வட்டாரத்தின் கிளைகளையெல்லாம் ஏற்றதற்கு இது சிறந்த உதாரணம். ஷானவனில் அதன் தலைமைக் காரியாலயம் இருக்கிறது. அசினிபோயா என்னும் ஊரில் அது பெரிய கம்பெனியின் பாதையோடு சேர்கிறது.

2008-ல் டார்ச் ரிவர் ரெயில் என்னும் கம்பெனி, நிபாவின், சாய்ஸ்லண்ட் என்னும் இரண்டு ஊர்களுக்கு நடுவேயுள்ள 45 கிலோமீட்டர் பாதையை ஏற்றது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, அம்மாகாணத்தில் சிறு ரயில்வேக்கள் பதின்மூன்று வரையில் பெருகின. அவற்றின் பாதைகள் சேர்ந்து சுமார் 2,000 கிலோமீட்டர். சிலவற்றிற்கு மாகாண சர்க்கார் கடனுதவி செய்தது. இவற்றில் எல்லாமே சட்டப்படி ஐக்கிய சங்கங்கள் அல்ல. பல, பங்குக் கம்பெனிகள். ஆயினும் பாதையை உபயோகிப்பவரே பாதையின் உடைமையாளர் என்னும் ஐக்கியத் தத்துவமே பலவற்றின் உயிர்.

உள்ளூரார் பாதையை உடைமையாகக் கொள்வது நம் நாட்டிற்கும் முற்றிலும் புதிதன்று. தஞ்சாவூர் ஜில்லா போர்டார் நிலத்தின்மேல் வரி விதித்துத் திரட்டிய பணத்தால் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் போட்ட பாதை 1894-ல் திறக்கப்பட்டது. ஆனால் அங்கே உடைமை போர்டாருடையது, நடத்தியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. சஸ்காச்சுவானில் உடைமையும் நடத்துதலும் ஒரே கையில் வந்தன என்பதே விசேஷம்.

பெரியது கைவிட்டதைச் சிறியது தாங்குவது எப்படி

பெரிய கம்பெனிக்கு நஷ்டமான பாதை சிறு ரயில்வேக்கு மட்டும் எவ்வாறு கட்டும் என்று கேட்கலாம். செலவின் அமைப்பு வேறு என்பதே விடை. பெரிய கம்பெனியின் எஞ்சினும் ஆட்களும் பிரதான பாதையில் ஒரு நாளில் ஈட்டும் வருமானத்தைக் கிளையில் ஈட்ட முடியாது. சிறு ரயில்வேயோ பழைய எஞ்சினைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பழுது பார்த்துக்கொள்கிறது. வண்டி தினந்தோறும் ஓடுவதில்லை. போதிய வண்டிகள் நிரம்பியபோது ஓடுகிறது. வேகம் மணிக்குப் பத்து மைலோ இருபது மைலோ போதும். இன்று எஞ்சின் ஓட்டியவர் நாளை கட்டை மாற்றுவார். மேலதிகாரிகள் சிலரே, அவர்களும் சுமை ஏற்றுபவர்களின் அயலார்.

வருமானம் பெரும்பாலும் வண்டிக் கணக்கில் வருகிறது. சிறு ரயில்வே வண்டியைக் கிளையிலிருந்து சந்திப்பு வரை இழுத்துக் கொடுக்கிறது. அங்கிருந்து துறைமுகத்திற்குப் பெரிய கம்பெனி கொண்டு செல்கிறது. மொத்தச் சத்தத்தில் இவ்வளவு பங்கு சிறு ரயில்வேக்கு என்று ஒப்பந்தம் உண்டு. ஆகவே எத்தனை வண்டி என்பதே அதன் ஜீவநாடி.

களஞ்சியங்கள் போன பிறகு வண்டிகளை நிரப்புவது யார்? இங்கேதான் பழைய உரிமையொன்று கைகொடுத்தது. கனடாவின் தானியச் சட்டப்படி எந்தக் குடியானவனும் களஞ்சியக்காரரை அண்டாமல், தன் பெயரிலேயே ஒரு ரயில் வண்டியைக் கேட்டு வாங்கி, தானே நிரப்பி அனுப்பலாம். களஞ்சியத்தில் ஏற்றும் கூலி அவனுக்கு மிச்சம். இவ்வுரிமை இலவசமாகக் கிடைத்ததன்று. 1901-ம் வருஷக் கடைசியில் மதர்வெல் முதலியோர் இந்தியன் ஹெட் என்னும் ஊரில் தானியம் விளைவிப்போர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். சிண்டலூட்டா ஸ்டேஷனில் ரயில்வே ஏஜெண்டு குடியானவர்களைப் புறக்கணித்துக் களஞ்சியக்காரர்களுக்கே வண்டிகளைக் கொடுத்தார் என்று 1902-ல் வழக்குத் தொடுத்து ஜயித்தார்கள். நூறு வருஷத்திற்குப் பிறகு சிறு ரயில்வேக்கள் பிழைத்ததற்கு அந்த வழக்கு ஒரு வேர் என்று சொன்னால் மிகையாகாது. கிளைப்பாதையோரத்து ஊரார் கைவிடப்பட்ட களஞ்சியங்களை வாங்கியும், சைடிங் ஓரத்தில் ஏற்றும் இயந்திரங்களை அமைத்தும் இவ்வண்டிகளைக் கூட்டாக நிரப்பினார்கள்.

இடர்கள்

இத்தனையும் சொன்னபின் இடர்களை மறைப்பது நியாயமாகாது.

முதலாவது, சிறு ரயில்வே தனியே நிற்பதன்று. சந்திப்பில் பெரிய கம்பெனி காலி வண்டிகளைக் கொடுத்தால்தான் அதற்கு வேலை. 2013-ல் மேற்கு மாகாணங்களில் என்றுமில்லாத விளைச்சல். அதைத் தொடர்ந்த குளிர்காலமோ மிகக் கடுமை. தானியம் தேங்கி நின்றது. 2014 மார்ச்சு மாதத்தில் மத்திய சர்க்கார் தலையிட்டு, பெரிய ரயில்வே ஒவ்வொன்றும் வாரத்திற்கு ஐந்து லக்ஷம் டன் தானியத்தை இழுக்கவேண்டுமென உத்தரவிட நேர்ந்தது. பிரதான பாதையிலுள்ள பெருங்கிடங்குகளுக்கு வண்டி கொடுத்தே கணக்கை நிரப்புவது எளிதாதலால், கிளைகளில் இருப்போர் காத்து நிற்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, வியாபார ஏற்பாடு மாறினால் சுமையும் மாறும். 2012 ஆகஸ்டு வரை மேற்குக் கனடாவின் ஏற்றுமதிக் கோதுமையை விற்கும் ஏகபோக உரிமை கோதுமை போர்டு என்னும் ஸ்தாபனத்திடம் இருந்தது. குடியானவன் தானே நிரப்பிய வண்டியை அந்தப் போர்டு ஏற்று விற்றுக் கொடுத்தது. உரிமை நீங்கியபின் ஒவ்வொருவனும் தன் வண்டிக்கு வியாபாரியைத் தேடவேண்டியவனானான். அத்தகைய வண்டிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. சில சிறு ரயில்வேக்கள் கச்சா எண்ணெய் ஏற்றியும், உபயோகமற்று நிற்கும் பிறர் வண்டிகளை வாடகைக்கு நிறுத்திவைத்தும் வருமானத்தைச் சரிக்கட்டின.

மூன்றாவது, பழைய பாதையை வாங்குபவர் அதன் பழுதையும் சேர்த்தே வாங்குகிறார். பல வருஷம் கவனிக்கப்படாத கட்டைகளும் பாலங்களும் உடனே பணம் கேட்பதில்லை. பின்னால் மொத்தமாகக் கேட்கும். மாகாண சர்க்கார் செப்பனிடும் செலவில் பங்கு கொடுத்து உதவிய போதிலும், மீதியை வண்டி வருமானத்திலிருந்தே எடுக்கவேண்டும். ஆரம்ப வருஷங்களின் லாபத்தைப் பங்கு வீதமாகப் பிரித்துத் தின்றுவிட்டால், பாதை தன்னைத்தானே தின்றுவிடும்.

எண்ணித் துணிய வேண்டியவை

இவ்வநுபவங்களிலிருந்து, பெரியதொரு ஸ்தாபனம் கைவிடும் பொதுச் சாதனத்தை ஏற்க நினைப்போர் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு தோன்றுகின்றன.

1. ஒரு மைலுக்கு இத்தனை வண்டி என்ற கணக்கில், வருஷந்தோறும் நிச்சயமாக வரக்கூடிய சுமை எவ்வளவு? நல்ல விளைச்சல் வருஷத்தைக் கொண்டு கணக்கிடலாகாது. வறட்சி வருஷத்தைக் கொண்டு கணக்கிடவேண்டும்.

2. பாதையின் உண்மையான நிலை என்ன? வாங்கும் விலையோடு அடுத்த பத்து வருஷத்துப் பழுதுச் செலவையும் கூட்டிப் பார்த்தபின் மிஞ்சுவது உண்டா?

3. சந்திப்பில் வண்டி கொடுப்பது, சத்தத்தில் பங்கு தருவது ஆகியவற்றைப் பெரிய கம்பெனி எழுத்து மூலமாக, நீண்ட காலத்திற்கு ஒப்புக்கொண்டிருக்கிறதா?

4. பங்கு எடுத்தவர் அனைவரும் தங்கள் தானியத்தை இப்பாதை வழியாகவே அனுப்புவார்களா?

முதல் மூன்று கேள்விகளுக்கும் விடை சாதகமாக இல்லாத பாதையை, அதன்மேல் எவ்வளவு பற்றிருந்தாலும், விட்டுவிடுவதே விவேகம். அப்படி விடப்பட்டுப் புல் மூடிய கிளைகள் அம்மாகாணத்தில் எத்தனையோ உண்டு. ஆனால் நான்காவது கேள்வியே மற்றெல்லாவற்றிலும் கடினமானது. ஏனெனில் அதற்கு விடை கம்பெனியிடமும் இல்லை, சர்க்காரிடமும் இல்லை, பங்குதாரரிடமே இருக்கிறது.

ஒரு குடியானவன் சிறு ரயில்வேயில் பங்கு எடுத்திருக்கிறான் என்று கொள்வோம். அறுவடை சமயத்தில் பிரதான பாதையோரத்துக் கிடங்குக்காரர் டன்னுக்குச் சிறிது அதிக விலை சொல்கிறார். அவன் லாரியை அங்கே திருப்புகிறான். அன்று அவனுக்கு லாபம். அயலானும் அவ்வாறே செய்கிறான். வண்டிகள் நிரம்பவில்லை; ரயில் ஓடவில்லை; கடன் தவணை நிற்கிறது; இறுதியில் பாதை விலையாகிறது. அதன் பிறகு அந்தக் கிடங்குக்காரர் முன்போல் அதிக விலை கொடுக்கவேண்டிய அவசியம் என்ன? போட்டியாக நின்ற பாதைதான் இல்லையே. ஆகவே, குடியானவன் தன் ரயில்வேயில் ஏற்றும் ஒவ்வொரு வண்டியும் அந்த வண்டியின் சத்தத்தை மட்டும் மிச்சப்படுத்துவதன்று. ஏற்றாத தானியத்திற்கும் நியாய விலையைக் காப்பாற்றித் தருகிறது. இந்த இரண்டாவது லாபம் எந்தக் கணக்குப் புஸ்தகத்திலும் வரவு வைக்கப்படுவதில்லை. ஆகையினாலேயே அது எளிதில் மறக்கப்படுகிறது.

விற்பனைச் சங்கமாயினும், பால் சங்கமாயினும், நெசவாளர் சங்கமாயினும், பங்குப் பணம் கட்டிவிட்டதோடு கடமை முடிந்ததென்று கருதும் அங்கத்தினர்கள் எங்கும் உண்டு. பங்குப் பணம் பாதையை வாங்கும். சுமைதான் பாதையை ஓட்டும். ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பார்கள். வடத்தைத் தொட்டவர் எத்தனை பேர் என்பதல்ல, இழுத்தவர் எத்தனை பேர் என்பதே தேர் நிலைக்கு வருவதைத் தீர்மானிக்கிறது. சமவெளியின் நடுவே மெல்ல ஊர்ந்து செல்லும் அந்தச் சிறு ரயில் வண்டிகள் தூரதேசத்துக் குடியானவர்களுக்கு நாள்தோறும் நினைவூட்டுவது இதுவே.